கொதிநீருக்கு அஞ்சாத மொட்டு

வெள்ளைத் தேயிலையைக் குடித்துப் பார்த்துவிட்டு, "இதில் ஒன்றுமே இல்லையே" என்று கோப்பையைக் கீழே வைப்பவர்கள் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. நமக்குத் தேநீர் என்றால் முதல் வாயிலேயே நாக்கில் ஓர் அடி விழ வேண்டும். டீக்கடையில் மாஸ்டர் கேட்பதே "ஸ்ட்ராங்கா, லைட்டா?" என்றுதான். பாலும் சர்க்கரையும் தாங்குகிற அளவுக்கு டிகாஷன் இறங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கழுவிய தண்ணீர் என்று சொல்லிவிடுவோம். அந்த அளவுகோலில் வெள்ளைத் தேயிலைக்கு இடமே இல்லை. ஆனால் குடித்துவிட்டு ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் குடித்தது சரியாக ஊறாத வெள்ளைத் தேயிலையை. இதற்குக் காரணம் அவர்களும் அல்ல, இலையும் அல்ல. பெட்டியின் பின்புறம் அச்சடித்திருக்கும் அறிவுரைதான். '70 பாகை வெந்நீர், இரண்டு நிமிடம்' என்கிறது பெட்டி. மென்மையான தேயிலையாம், சுடுநீர் பட்டால் வெந்துவிடுமாம்.

இந்த அறிவுரை மேல் எனக்கிருந்த சந்தேகம் மொன்றியலில்தான் உறுதியானது.

சீனத் தேயிலையைச் சுவைக்கக் கனடாவின் பிரெஞ்சு நகரத்துக்குப் போவானேன் என்று கேட்கலாம். போன காரியம் வேறு. தேநீர் வழியில் மாட்டியது. ஆனாலும் மொன்றியல் இந்த விஷயத்தில் லேசான ஊர் அல்ல. 1998இல் லத்தீன் குடியிருப்புப் பகுதியின் எமெரி தெருவில் 'காமெலியா சினென்சிஸ்' என்று தேயிலைச் செடியின் தாவரவியல் பெயரையே வைத்து ஒரு தேநீர் இல்லம் தொடங்கியது. ஹ்யூகோ அமெரிசி, பிரான்சுவா மர்ஷான், ஜாஸ்மின் தெஷார்னே, கெவின் காஸ்கோய்ன் என்ற நான்கு பேர் அதன் சுவைஞர்கள். நாடுகளைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு, அறுவடைக் காலங்களில் தோட்டம் தோட்டமாகப் போய் வாங்குவது அவர்கள் வழக்கம். டார்ஜிலிங் காஸ்கோய்னின் பங்கு. நால்வரும் சேர்ந்து பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் தேயிலை பற்றித் தடித்த நூல் ஒன்றும் எழுதியிருக்கிறார்கள். இப்படிப்பட்டவர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓர் ஊரில் இருந்தால், ஊரின் நாக்கு கொஞ்சமாவது மாறத்தானே செய்யும்? எந்த மலை, எந்த மாதம், எந்த ஆண்டுப் பறிப்பு என்று கேட்டுத் தேயிலை வாங்குகிற மனிதர்களை இங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். நம்மூரில் காபிக்கொட்டைக் கடையில், பீபெரியும் பிளான்டேஷனும் எத்தனைக்கு எத்தனை என்று சண்டை பிடிக்கிற மாமாக்களின் அதே முகம்.

மார்ச் மாதம். பனி உருகியும் உருகாமலும் சாலையோரம் கருத்துக் கிடந்தது. ஆரஞ்சுத் தடத்து மெட்ரோவில் ஜான்-தலோன் நிறுத்தத்தில் இறங்கி நடந்தால் 1933இல் திறந்த ஜான்-தலோன் சந்தை வரும். கோடையில் திறந்தவெளியில் பரவிக் கிடக்கும் சந்தை, குளிர்காலத்தில் சுவர்களுக்குள் சுருங்கிவிடுகிறது. அந்த மாதத்தில் எங்கு பார்த்தாலும் மேப்பிள் பாகு. உலகத்து மேப்பிள் பாகில் பெரும்பகுதி இந்தக் கியூபெக் மாகாணத்தில்தான் காய்ச்சப்படுகிறது. மரத்தில் துளையிட்டு இறக்கிய நீரை வற்றக் காய்ச்சுவதை, பதநீர் காய்ச்சும் நாட்டிலிருந்து போனவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சந்தையை விட்டு வெளியே வந்ததும், பக்கத்துத் தெருக்களில் சிறியதும் பெரியதுமாகத் தேயிலைக் கடைகள். அப்படி ஒன்றில் நுழைந்தேன்.

கல்லாவுக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம், வெள்ளைத் தேயிலையில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொன்னேன். அவர் சிரிக்கவுமில்லை, விற்பனைப் பேச்சும் பேசவில்லை. தகரப் பெட்டி ஒன்றைத் திறந்து மூக்கருகில் நீட்டினார். உள்ளே இருந்ததைத் தேயிலை என்று சொல்ல முடியாது. ஒரு அங்குல நீளத்தில் வெறும் மொட்டுகள், ஒவ்வொன்றின் மேலும் அடர்ந்த வெள்ளிப் பூனைமயிர். பை ஹாவ் யின் சென். நம் மொழியில் வெள்ளி ஊசி.

சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தின் வடகிழக்கே, கடலை ஒட்டிய ஃபூதிங் வட்டாரம் இதற்குப் பெயர் போனது. சற்று உள்ளே செங்ஹே என்ற இன்னொரு ஊர். மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும், குளிர்காலத் தூக்கம் முடிந்து செடி விடுகிற முதல் மொட்டுகளை மட்டும் கிள்ளுகிறார்கள். அந்த மயிர்தான் வெள்ளை. இளம் மொட்டுக்கு இயற்கை போர்த்திய போர்வை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் 'பெரு வெள்ளை' என்ற பொருள்படும் தா பாய் இனச் செடிகள் பரவிய பிறகுதான் ஊசி இவ்வளவு பருமனாயிற்று.

அடுத்து அவர்கள் செய்வது, ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. பச்சைத் தேயிலை என்றால் பறித்தவுடன் இரும்புச் சட்டியில் வறுப்பார்கள் அல்லது ஆவியில் வேகவைப்பார்கள். கறுப்புத் தேயிலை என்றால் உருட்டிக் கசக்கி, சாறு வெளியே வந்து காற்றோடு கலந்து கறுக்கும்படி விடுவார்கள். வெள்ளைக்கு இரண்டும் கிடையாது. மூங்கில் தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி, வெயிலிலோ காற்றோட்டமான அறையிலோ இரண்டு மூன்று நாள் வாடவிடுகிறார்கள். பிறகு மிதமான சூட்டில் உலர்த்தல். அவ்வளவுதான். சும்மா விடுவது என்று நினைத்துவிடக் கூடாது. மழை பிடித்தால் கறுத்துவிடும், வெயில் ஏறினால் சிவந்துவிடும். எதையும் செய்யாமல் இருப்பதற்கு எப்போதும் ஓர் ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். ஃபூதிங் வெள்ளைத் தேயிலை செய்முறை, 2022இல் சீனத்தின் மரபான தேயிலைக் கலைகளுள் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதில் வியப்பில்லை.

பெட்டியின் பின்புற அறிவுரை எங்கே தவறுகிறது என்பது இந்தச் செய்முறையிலேயே இருக்கிறது. நம் டீத்தூளை எடுத்துக்கொள்ளுங்கள். 1930களில் அசாமில் மெக்கர்ச்சர் என்பவர் உருவாக்கிய சி.டி.சி. இயந்திரம், இலையை வெட்டி, கிழித்து, சுருட்டிப் பொடியாக உதிர்க்கிறது. இலையின் உயிரணுக்கள் எல்லாம் உடைந்துபோன நிலை. வெந்நீர் பட்ட நொடியில் சாயம் இறங்குவது அதனால்தான். வெள்ளை மொட்டோ உடையாமல், கசங்காமல், மயிர்ப் போர்வையோடு முழுதாக இருக்கிறது. நீர் உள்ளே போகவே நேரம் பிடிக்கும். அதை வெதுவெதுப்பான நீரில் இரண்டு நிமிடம் முக்கி எடுத்தால் மொட்டு நனைந்திருக்கும், நீரில் எதுவும் இருக்காது. குறைந்த சூட்டு அறிவுரை பச்சைத் தேயிலைக்கு உரியது. அதுவும் ஜப்பானில் ஆவியில் வேகவைத்து நொறுங்கிய இலைக்கு. அங்கே சூடு ஏறினால் துவர்ப்பு பிடுங்கும். அங்கிருந்து எடுத்து, 'வெள்ளை இன்னும் மென்மை, ஆகவே இன்னும் குறைந்த சூடு' என்று யாரோ கணக்குப் போட்டு எழுதிவிட்டார்கள்.

அந்தப் பெண் கணக்குப் போடவில்லை. கைவான் என்ற மூடிபோட்ட சீனக் கிண்ணம், உள்ளங்கைக்குள் அடங்கும். ஏறக்குறைய 100 மில்லி கொள்ளும். தராசில் 5 கிராம் நிறுத்தார். மொட்டுகளின் கனம் அவ்வளவு குறைவு என்பதால் அந்த 5 கிராமே கிண்ணத்தில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டது. இதைக் கரண்டியால் அளந்தால் யாரும் ஏமாந்துதான் போவார்கள். கெட்டிலில் நீர் கொதித்து அடங்கியது. 95 பாகை. ஊற்றி, மூடி, ஒரு நிமிடம்.

முதல் ஊற்றில் நிறம் என்று சொல்ல அதிகமில்லை, வாதுமைக் கொட்டையின் உட்புறம் போல ஒரு சாயல். முதல் மிடறு நாவைத் தாண்டிப் போய்விட்டது. விழுங்கிய பிறகுதான் தொண்டையில் ஏதோ தங்கியிருப்பது தெரிந்தது. இரண்டாம் ஊற்றில் வாய்க்குள் ஒரு கனம். தண்ணீர்போல ஓடாமல், வழுவழுவென்று நின்று போகிற கனம். மூன்றாவதில்தான் முழுச் சுவையும் இறங்கியது. அங்குள்ளவர்கள் இதை வெள்ளரி, முலாம்பழம், உலர்ந்த புல் என்றெல்லாம் விவரிக்கிறார்கள். எனக்கு நினைவுக்கு வந்தது நுங்கு. இளசான நுங்கை விரலால் கிழிக்கும்போது முதலில் வழியும் நீர் இருக்கிறதே, அதே இனிப்பு. இனிப்பு என்று நாக்கு தீர்மானிப்பதற்குள் நழுவிவிடும் இனிப்பு. துவர்ப்பு துளியும் இல்லை. 95 பாகையில் வெந்துவிட வேண்டிய மொட்டு வேகவில்லை. கிண்ணத்துக்குள் பார்த்தால் சில மொட்டுகள் செங்குத்தாக நின்றுகொண்டிருந்தன, சில அடியில் இறங்கியிருந்தன. ஆறாவது ஊற்றிலும் சொல்வதற்கு ஏதோ இருந்தது.

நியாயமாக ஒன்று சொல்லிவிட வேண்டும். கண்ணாடிக் குவளையில் மொட்டைப் போட்டு, 80 பாகை நீர் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டாலும் நன்றாகத்தான் இருக்கும். சூடு குறைந்தால் நேரத்தைக் கூட்ட வேண்டும், அல்லது இலையைக் கூட்ட வேண்டும். மூன்றையும் குறைத்துவிட்டு, சீனர்கள் இதை ஏன் கொண்டாடுகிறார்கள் என்று கேட்பதுதான் அநியாயம்.

கடைப் பெண்ணிடம் நீரின் கதையையும் கேட்டேன். மொன்றியலின் குழாய் நீர் செயின்ட் லாரன்ஸ் ஆற்றுநீர். நடுத்தரக் கடினம், தேநீருக்கு மோசமில்லை, ஆனால் வெள்ளைக்கு இதைவிட மென்மையான நீர் பொருந்தும் என்றார். அப்போது எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலிருக்கும் ஊட்டியில் நீர் 92, 93 பாகையிலேயே கொதித்துவிடும். நுவரெலியாவில் 94ஐ ஒட்டி. அதாவது நீலகிரியிலும் இலங்கை மலையகத்திலும் தெர்மாமீட்டர் வேண்டாம். நீர் கொதித்தவுடன் ஊற்றினால் அதுதான் வெள்ளைத் தேயிலைக்கு உரிய சூடு. இரண்டு மலைகளிலும் சில்வர் டிப்ஸ் என்ற பெயரில் மொட்டுத் தேயிலை செய்கிறார்கள். பெரும்பாலும் ஏற்றுமதிதான். ஊட்டி பஸ் நிலையத்து டீக்கடையில் கேட்டால் அடிக்க வருவார்கள்.

இரண்டாவதாக அவர் போட்டது பை மு தான், ஒரு மொட்டும் இரண்டு இலையும் சேர்ந்த வகை. மணம் இதில்தான் அதிகம். மூன்றாவது ஷோவ் மெய். பருவம் கடந்து பறித்த முற்றிய இலைகள், பழுப்பும் பச்சையும் கலந்து சருகுபோல இருக்கும். வரிசையில் மலிவானது. வயதாக ஆக விலை ஏறுவதும் இதுதான். சில ஆண்டுகள் கிடந்தால் பேரீச்சம்பழ வாசம் வருகிறது. ஃபூதிங்காரர்கள் பழைய ஷோவ் மெய்யைப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவே வைப்பார்கள். மென்மை பற்றிய உபதேசமெல்லாம் அந்த ஊர் அடுப்படியில் செல்லாது. மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிக்கொண்டேன். வெள்ளி ஊசியின் விலையை ரூபாயில் மாற்றிப் பார்க்காமல் இருப்பது உடலுக்கு நல்லது.

மென்மை உபதேசம் செல்லாது என்பதை மறுநாள் சீனர் குடியிருப்பில் கண்ணால் பார்த்தேன். போகிற வழியில் வின்ட்சர் நிலையம். 1889இல் திறந்த கல் கட்டடம். கனடிய பசிபிக் ரயில்வேயின் தலைமையகமாக நெடுங்காலம் இருந்தது. இப்போது அங்கே ரயில் வருவதில்லை. கண்டத்தின் குறுக்கே அந்த இருப்புப்பாதை முடிந்த மறு ஆண்டு, 1886 ஜூலை 27 அன்று, யோகோஹாமாவிலிருந்து டபிள்யூ.பி. ஃப்ளின்ட் என்ற பாய்மரக் கப்பல் மேற்குக் கரையின் போர்ட் மூடியில் வந்து சேர்ந்தது. பத்து லட்சம் ராத்தலுக்கு மேல் தேயிலை. ரயில்வே தனக்கென்று பசிபிக்கைக் கடந்து வரவழைத்த முதல் சரக்கு அதுதான். ரயிலேறிக் கிழக்கு நகரங்களுக்குப் போனது. அந்தப் பாதையின் மேற்குப் பகுதியில் மலையை உடைத்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் சீனத் தொழிலாளர்கள். பாதை முடிந்த 1885ஆம் ஆண்டிலேயே, இனி வருகிற சீனர் ஒவ்வொருவருக்கும் 50 டாலர் தலைவரி என்று சட்டம் வந்தது. 1903இல் அது 500 டாலர். 1923இல் கதவையே சாத்தினார்கள். 1947 வரை திறக்கவில்லை. மேற்கே பிழைக்க வழியில்லாமல் கிழக்கே வந்து சலவைக் கடை போட்டவர்களால்தான் மொன்றியலின் சீனர் குடியிருப்பு உருவானது. செயின்ட் லாரன்ட் வீதியின் குறுக்கே நிற்கும் அலங்கார வளைவைத் தாண்டி, வண்டிகள் நுழையாத தெ லா கோஷ்தியேர் தெருவில் நடந்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிற அளவுக்குச் சிறிய இடம். சுற்றிலும் உயரும் கட்டடங்கள் விழுங்கிவிடாமல் இருக்க, 2022இல் கியூபெக் அரசு அதைப் பாரம்பரிய இடமாகக் காக்க முன்வந்தது.

ஞாயிறு காலை திம் சம் கூடத்தில் மூன்று தலைமுறைகள் ஒரே மேசையில். உட்கார்ந்ததும் முதல் கேள்வி, என்ன தேநீர்? மல்லிகையா, பூ-அரா, ஷோவ் மெய்யா? நான் கடைசியைச் சொன்னேன். பெரிய பீங்கான் கூஜாவில் ஒரு பிடி சருகு, அதன்மேல் தளதளவென்று கொதிக்கும் நீர், மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நேரம் பார்ப்பவர் யாருமில்லை. நீர் தீர்ந்ததும் மூடியைச் சாய்த்து வைத்தால் மறுபடி ஊற்றுகிறார்கள். ஊற்றுகிறவருக்கு நன்றி சொல்ல இரண்டு விரலால் மேசையைத் தட்டுகிறார்கள். இறால் கொழுக்கட்டையின் எண்ணெயை அந்தத் தேநீர் கழுவிக்கொண்டு போனது. பக்கத்து மேசைத் தாத்தாவிடம் இதற்கு எத்தனை பாகை சூடு என்று கேட்டிருந்தால் என்னை என்னவென்று நினைத்திருப்பாரோ.

நான் தங்கியிருந்தது கோத்-தெ-நேஜ் பகுதியில், ஒரு நண்பரின் அக்கா வீட்டில். விக்டோரியா வீதியில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கிடைக்கும்; ஈழத் தமிழர் கடைகள். அக்கா வளர்ந்தது கிளிநொச்சியில். ஆனால் அவருடைய அம்மா ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு வன்னிக்கு இறங்கிய ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஒன்று. வீட்டில் பேச்செல்லாம் "வாங்கோ, இருங்கோ" என்று வன்னிப் பேச்சுத்தான். தேயிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மட்டும் அக்காவின் தமிழ் மலைக்கு ஏறிவிடும்.

பொட்டலத்தைப் பிரித்து ஒரு மொட்டை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது மொட்டு மட்டும் கிள்ளுனது. எங்கம்மாவ இப்படிக் கிள்ளச் சொல்லியிருந்தா சாயங்காலம் கூடையில ஒரு கிலோ தேறாது. அரைப் பேருதான் போட்டிருப்பாங்க."

பேர் என்றால் ஒரு நாள் கூலி. பதினெட்டு கிலோ என்பது பல தோட்டங்களின் கணக்கு. குறைந்தால் அரைப் பேர். இப்படிப் பறித்த இலைக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு உண்டு. 1892இல், மொன்றியலில் பிறந்த பீட்டர் லார்க்கின் என்ற வணிகர், இலங்கைத் தேயிலையை ஈயத்தாள் பொட்டலத்தில் அடைத்து 'சலாடா' என்ற பெயரில் கனடாவில் விற்கத் தொடங்கினார். அதற்கு முன் கனடியர்கள் பெரும்பாலும் குடித்தது சீனத்து, ஜப்பானியத் தேயிலை. சலாடா இன்றைக்கும் இங்குள்ள சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கிறது. அந்த இலையைப் பறித்தவர்களின் பிள்ளைகளுக்கு 1948இல் இலங்கை குடியுரிமை மறுத்தது. சரக்கு எங்கேயும் போகும், ஆட்களுக்குத்தான் சட்டம். அக்காவிடம் இதைச் சொன்னபோது, "அதெல்லாம் தெரிஞ்ச கதைதானே" என்று கெட்டிலில் சுவிட்சைப் போட்டார்.

கைவான், தராசு, பாகை எதையும் அவர் கேட்கவில்லை. எவர்சில்வர் ஜக்கில் இரண்டு பிடி வெள்ளி ஊசியைப் போட்டார். என் நெஞ்சு படபடத்தது, சூட்டைக் குறித்தல்ல, விலையைக் குறித்து. கொதிக்கும் நீரை மேலிருந்து ஊற்றி, ஒரு தட்டால் மூடிவிட்டு, பேரனைப் பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து கூட்டி வரக் கீழே போய்விட்டார். திரும்பி வர நன்றாகக் கால்மணி ஆயிற்று. ஜக்கில் இளம் பொன்னிறம். கடையில் பார்த்ததைவிட அடர்த்தி, ஒரு சொட்டுக் கசப்பில்லை.

அக்காவுக்கு வெறும் தேத்தண்ணி குடிக்கும்போது ஏதாவது கடித்துக்கொள்ள வேண்டும். ஊரில் பனங்கட்டி, இங்கே மேப்பிள் சர்க்கரை வில்லை. ஒன்றைக் கடித்துக்கொண்டு ஒரு மிடறு குடித்தார். மேப்பிள் முன்னால் வெள்ளி ஊசி காணாமல் போயிருக்கும். அவரே வில்லையை ஒதுக்கி வைத்துவிட்டு மறுபடி குடித்தார்.

"தேத்தண்ணி குடிச்ச மாதிரி இல்லைத் தம்பி. ஆனா தொண்டையில என்னவோ நிக்குது."

இரவில் ஷோவ் மெய்யைச் சின்னச் சட்டியில் போட்டு, ஒரு துண்டு இஞ்சி நசுக்கி, பத்து நிமிடம் கொதிக்கவிட்டார். ஃபூதிங்கில் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. இதற்கு மேப்பிள் வில்லை நன்றாகவே ஒத்துப்போனது. வீட்டில் எல்லோரும் இரண்டு கோப்பை குடித்தார்கள், பேரன் உட்பட. மீதமிருந்த வெள்ளி ஊசியைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, மசாலா அலமாரிக்கு எட்ட வைத்து, "இது உங்களுக்கு" என்று என்னிடமே கொடுத்துவிட்டார். தேயிலை பக்கத்து வாசனையை இழுத்துக்கொள்ளும் என்பது மலையில் பிறந்தவரின் பிள்ளைக்குத் தெரியாதா? ஷோவ் மெய் பொட்டலத்தின் அடியைத் தட்டிப் பார்த்தார். ஒரு சட்டிக்கு மேல் வராது.

"அந்தக் கடைப் பக்கம் திரும்பப் போனீங்களெண்டா, இந்தச் சருகில ரெண்டு பைக்கற் எடுத்துக்கொண்டு வாங்கோ. காசு நான் தாறன்."